எங்கள் வீட்டில் இல்லாத பசு



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நம் பிள்ளைகளைப் பற்றியது என்பதால் ஆறுதலாக இருந்து வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

சென்ற தவணையில் தரம் 4 பிள்ளைகளுக்கு "எனது வீட்டுப் பிராணி" என்ற தலைப்பில் எழுதக் கொடுத்தோம். கொப்பிகளைச் சேர்த்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லாக் கொப்பியிலும் ஒரே பசு நிற்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு, அதன் பெயர் லட்சுமி, அது வெள்ளை நிறமானது, அது எமக்குப் பால் தரும். கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் பசு வளர்க்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வளர்க்கிறவர்களும் லட்சுமி என்று பெயர் வைப்பதில்லை. இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடையில் விற்கிற கட்டுரைப் புத்தகத்திலிருந்து டியூஷன் கொப்பிக்கு, அங்கிருந்து பிள்ளையின் மனதுக்கு, மனதிலிருந்து எங்கள் மேசைக்கு.

பிழை எதுவும் இல்லை. லகரம், ளகரம் எல்லாம் சரி. சரி போட்டுக் கொடுத்துவிட்டோம். பிறகு ஒரு பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்டோம், "உங்கட வீட்டில என்ன இருக்கு?" என்று. "ஒரு கால் நொண்டிக் கோழி இருக்கு டீச்சர், உம்மும்மாட மடியில ஏறி இருக்கும், வேற யாரும் தொட்டா கொத்தும்" என்றது பிள்ளை. இவ்வளவு அருமையான ஒரு கோழியை வீட்டில் வைத்துக்கொண்டு இல்லாத பசுவைப் பற்றி அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. அதற்கு நாங்கள் சரியும் போட்டிருக்கிறோம்.

அந்த வாரமே பிள்ளைகளைச் சொந்தமாகக் கதை எழுத வைப்பது என்று ஆரம்பப் பிரிவில் சில ஆசிரியர்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். ஒரு பிள்ளை பலகையில் ஒரு சொல் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் இன்னொரு பிள்ளை இன்னொரு சொல் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு கதை. அன்று விழுந்த சொற்கள் "கோழி", "பஸ்".

ஒரு மகள் எழுதினாள். ஒரு கோழி பஸ்ஸில் ஏறுகிறது. நடத்துனர் "எங்க போறாய்?" என்று கேட்கிறார். "கட்டாருக்கு" என்கிறது கோழி. டிக்கட்டுக்குக் காசில்லை, அதனால் ஒரு முட்டை கொடுக்கிறது. விமான நிலையத்தில் கோழிக்குப் பாஸ்போர்ட் இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் மணியடித்துவிட்டது. கதை பாதியில் நின்றது.

அவளுடைய வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். உம்மா கொப்பியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அன்றிரவே எங்களுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "டீச்சர், மகள்ட கொப்பியப் பார்த்தன். கோழி பஸ்ஸில கட்டாருக்கு வருமா? புள்ளைக்குப் பொய் எழுதவா படிச்சிக் குடுக்கிறீங்க? அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை, கவலையோடுதான் சொன்னார். தூர தேசத்தில் இருந்து உழைத்து அனுப்புகிற ஒரு தகப்பனுக்கு அந்தக் கவலை வருவது நியாயம். அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கதை எழுதப் பழக்குவது பொய் பழக்குவதா? மற்றது, இதனால் படிப்புக்கு என்ன பயன்? இரண்டுமே பழைய கேள்விகள். உலகில் பலர் இவற்றுக்கு விடை தேடியிருக்கிறார்கள். பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் சிலருடைய பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி. இப்போது தேடி வாசித்தோம். அந்த வரலாற்றைத்தான் இங்கே பகிர்கிறோம்.

முதலில் பொய் என்ற கேள்வி.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை, அதை உலமாக்கள் சொல்லட்டும். வரலாற்றில் முஸ்லிம்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபஃ என்பவர் "கலீலா வதிம்னா" என்ற நூலைப் பாரசீகத்தின் பழைய மொழியான பஹ்லவியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்தார். அதன் மூலம் இந்தியாவின் பஞ்சதந்திரம். சிங்கமும் எருதும் நரியும் பேசிக்கொள்கிற அந்தக் கதைகள் அரபு உரைநடையின் முன்மாதிரிகளில் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல் "ஹய் இப்னு யக்ழான்" என்ற கதையை எழுதினார். ஆளில்லாத் தீவொன்றில் ஒரு மான் பால் கொடுத்து வளர்த்த குழந்தை, தன் சிந்தனையாலேயே படைத்தவனைப் பற்றிய அறிவை நோக்கிப் போகிற கதை அது. 1671இல் லத்தீனிலும் 1708இல் அரபியிலிருந்து நேராக ஆங்கிலத்திலும் அது வந்தது. மான் மனிதக் குழந்தையை வளர்க்குமா என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டிலேயே, கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1892இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவுக்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். அதே மனிதர்தான் 1885இல் "அசன்பே சரித்திரம்" என்ற நாவலையும் எழுதினார். தமிழின் முதல் நாவலான "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளிவந்து ஆறே வருடங்கள் ஆன காலம் அது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாற்றில் பேசப்படுவது சித்திலெப்பையின் அந்த நூல்தான். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தன் வாழ்நாளைக் கொடுத்த ஒருவருக்கு, கற்பனைக் கதை எழுதுவது அந்த வேலைக்கு எதிரானதாகத் தெரியவில்லை.

பொய் சொல்பவன் தான் சொல்வது நடந்தது என்று மற்றவரை நம்பவைக்கப் பார்க்கிறான். கதை சொல்பவன் "ஒரு ஊரில" என்று தொடங்கும்போதே இது கதை என்று சொல்லிவிடுகிறான். கோழி பாஸ்போர்ட் இல்லாமல் நிற்கிறது என்று எழுதிய மகள் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படிப் பார்த்தால், "எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு" என்று உண்மைபோல எழுதியதுதான் பொய். அந்தப் பொய்யைப் பிள்ளை தானாக எழுதவில்லை. பெரியவர்களாகிய நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீண்ட பயணம் போக வேண்டும். 1862ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம்.

அந்த ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டவிதி வந்தது. பாடசாலைகளுக்கு அரசு கொடுக்கும் பணத்தைப் பரீட்சைப் பெறுபேற்றோடு கட்டிப்போட்டார்கள். பரிசோதகர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். பிள்ளை தவறினால் அந்தப் பிள்ளைக்குரிய பணம் குறையும். அங்கே எழுத்து என்றால் பார்த்து எழுதுவதும் சொல்வதெழுதுவதும்தான். சொந்தமாக ஒரு வசனம் எழுதுகிற பிள்ளைக்கு அதில் ஒரு சதமும் கிடையாது. "பெறுபேற்றுக்குப் பணம்" என்ற இந்த முறை பின்னர் இலங்கையின் உதவி பெறும் பாடசாலைகளுக்கும் வந்தது. அந்த முறை போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பரிசோதகருக்குப் பயந்த அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லையோ என்று லட்சுமிப் பசுவைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

அதே 1862இல் ரஷ்யாவில் நேர் எதிரான ஒன்று நடந்தது.

எழுத்தாளர் லியோ டோல்ஸ்டோயைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் "போரும் சமாதானமும்" எழுதுவதற்கு முன்பு அவர் ஒரு கிராமத்து வாத்தியாராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1859இல் யஸ்னயா போல்யானா என்ற தன் பண்ணைக் கிராமத்தில், பண்ணையடிமைகளின் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலை திறந்தார். பண்ணையடிமை முறை ஒழிந்ததே 1861இல்தான். இடையில் ஐரோப்பா போய் ஜேர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்துப் பாடசாலைகளைப் பார்த்து, அங்கிருந்த அடியும் மனப்பாடமும் பிடிக்காமல் திரும்பி வந்தார். 1862இல் தன் பாடசாலை அனுபவங்களை எழுத ஒரு மாத இதழும் நடத்தினார்.

அந்த இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி. விவசாயிகளின் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, அல்லது நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்பதே அது.

நடந்தது இதுதான். பிள்ளைகளுக்குத் தலைப்புக் கொடுத்து எழுத வைத்துப் பார்த்தார், வரவில்லை. ஒரு நாள் ஒரு ரஷ்யப் பழமொழியைக் கொடுத்தார். கரண்டியால் ஊட்டுவான், கரண்டிக் காம்பால் கண்ணைக் குத்துவான் என்ற கருத்துள்ள பழமொழி. உதவி செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிறவனைப் பற்றியது. பிள்ளைகள் கஷ்டம் என்றார்கள். "சரி, நான் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள், யார் நன்றாக எழுதுகிறார்கள் பார்ப்போம்" என்று டோல்ஸ்டோய் தானே எழுதத் தொடங்கினார். ஒரு விவசாயி ஒரு பிச்சைக்காரக் கிழவனை வீட்டுக்குள் எடுக்கிறான், பிறகு சொல்லிக்காட்டுகிறான் என்பது கதை. பிள்ளைகள் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இது சரியில்லை, அது அப்படி நடக்காது என்று திருத்தத் தொடங்கினார்கள்.

கடைசியில் மற்றவர்கள் எழும்பிப் போய்விட, ஃபெத்கா, சேம்கா என்ற இரண்டு பையன்கள் மட்டும் இரவு வரைக்கும் இருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல டோல்ஸ்டோய் எழுதினார். கதையில் ஒரு அயலவர் வருகிறார். அவர் ஒரு பெண்ணின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார் என்று எழுதச் சொன்னான் ஃபெத்கா. ஏன் பெண்ணின் சட்டை என்று முதலில் விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், வீட்டில் கைக்கு எட்டிய உடுப்பைப் போட்டுக்கொண்டு அவசரமாக வெளியே வந்த ஏழை மனிதன் ஒருவன் அப்படியே கண்முன் நிற்கிறான். அந்த ஒரு சொல்லில் முழு வீடும் தெரிந்துவிட்டது என்று அந்தப் பெரிய எழுத்தாளர் வியந்துபோனார்.

பிறகு ஒரு துயரம் நடந்தது. டோல்ஸ்டோய் சில நாள் வெளியூர் போயிருந்தபோது, பிள்ளைகளிடையே காகிதம் மடித்து விளையாடும் மோகம் வந்து, அந்தக் கதைத்தாள்களும் அதில் போய்விட்டன. திரும்பி வந்தவர் மனமுடைந்துபோனார். அதைக் கண்ட ஃபெத்காவும் சேம்காவும் இன்றிரவு உங்கள் வீட்டில் தங்குகிறோம் என்று வந்து, இருந்து, முழுக் கதையையும் திரும்ப எழுதினார்கள். யாரும் அவர்களுக்குப் புள்ளி போடவில்லை, பிரம்பு காட்டவில்லை. எழுதியது தங்களுடையது என்பதால் வந்தார்கள். அந்தக் கதை பின்னர் அச்சிலும் வந்தது.

ஃபெத்கா இன்னொரு கதையும் சொன்னான். தகப்பன் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை. உம்மாவும் பிள்ளைகளும் வறுமையில் தவிக்கிறார்கள். கடைசியில் தகப்பன் திரும்பி வருகிறார். 1862இல் ரஷ்யாவின் ஒரு குக்கிராமத்தில் ஒரு பிள்ளை தகப்பனைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து கதை எழுதியிருக்கிறது. நம் ஊரில் ஒரு பிள்ளை அந்தத் தகப்பனிடம் கோழியை அனுப்பியிருக்கிறது.

இந்த அனுபவத்திலிருந்து டோல்ஸ்டோய் ஆசிரியர்களுக்குச் சில விதிகள் சொன்னார். எங்கள் சொல்லில் சுருக்கமாகத் தருகிறோம். பலவகையான தலைப்புகள் கொடுங்கள், அவை உங்களுக்கே ஆர்வம் தருகிறவையாக இருக்கட்டும். பிள்ளைகள் எழுதியதையே பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுங்கள். பிள்ளையின் ஆக்கத்தைப் பார்க்கும்போது கொப்பியின் துப்புரவையும் கையெழுத்தையும் எழுத்துப்பிழையையும் பற்றிப் பேசாதீர்கள். எழுதும் வேலையை ஒரேயடியாகப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். எதைச் சொல்வது, எந்த ஒழுங்கில் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, சொன்னதை நினைவில் வைப்பது, பிறகு கையால் எழுதுவது என்று இதில் பல வேலைகள் இருக்கின்றன. முதலில் பெரும்பகுதியை ஆசிரியர் சுமந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

அந்தப் பாடசாலை நிலைக்கவில்லை. 1862 ஜூலையில் டோல்ஸ்டோய் இல்லாத நேரம் பொலிஸ் வந்து வீட்டையும் பாடசாலையையும் சோதனையிட்டது. அதோடு அந்த முயற்சி தளர்ந்து நின்றது. ஆனாலும் பத்து வருடங்களுக்குப் பிறகு, 1872இல், பிள்ளைகளுக்கான அரிச்சுவடி ஒன்றை அவரே எழுதி வெளியிட்டார்.

அடுத்தது பிரான்ஸ். செலஸ்தான் ஃபிரெனே என்ற இளைஞர் முதலாம் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயப்பட்டவர். 1920இல் தெற்குப் பிரான்சின் ஒரு மலைக்கிராமத்தில் ஆசிரியரானார். நீண்ட நேரம் உரத்துப் பேச முடியாத உடல்நிலை. ஆசிரியர் பேசப் பேசப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் முறை அவருக்குச் சரிவரவில்லை. அதனால் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைத்தார். 1924இல் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் விரும்பியதை எழுதுவார்கள், எதை அச்சிடுவது என்று தாங்களே தெரிவு செய்வார்கள், ஈய எழுத்துகளைத் தாங்களே கோப்பார்கள். அச்சானதைத் தூரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அனுப்பி, அவர்களுடையதை வாங்கி வாசிப்பார்கள்.

எழுத்துப்பிழை பற்றிப் பயப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைக்கிற பிள்ளை, அதுவும் தான் அறியாத ஊரில் ஒரு பிள்ளை வாசிக்கப்போகிறது என்று தெரிந்த பிள்ளை, எழுத்தைத் தானாகவே சரிபார்க்கும். திருத்தம் கடைசியில், ஒரு காரணத்தோடு வருகிறது.

நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சில்வியா அஷ்டன்-வோர்னர் என்ற ஆசிரியை இன்னொன்றைக் கண்டார். ஆங்கிலப் புத்தகத்தில் வந்த பிள்ளைகளின் வீடும் வாழ்க்கையும் மவோரிப் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருந்தன. ஆகவே காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் "இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அந்தச் சொல்லை ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தார். தாய், தகப்பன், பேய், முத்தம் என்று பிள்ளைகள் கேட்ட சொற்கள் எல்லாம் அன்போடும் பயத்தோடும் தொடர்புபட்டவை. புத்தகச் சொல்லை வாரக்கணக்கில் மறந்த பிள்ளை, தான் கேட்ட சொல்லை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சொற்களிலிருந்தே வசனம், வசனத்திலிருந்து கதை. 1963இல் இதை ஒரு நூலாக எழுதினார். எங்கள் வீட்டில் இல்லாத பசுவின் கதையும் இதுதானே?

இனி எங்கள் வகுப்புக்குக் கோழியையும் பஸ்ஸையும் கொண்டுவந்து தந்த மனிதர். ஜானி ரொடாரி என்ற இத்தாலியர், 1920இல் பிறந்தவர். இளவயதில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர், பிறகு பத்திரிகையாளர், பிள்ளைகளுக்கான எழுத்தாளர். 1970இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது பெற்றவர். 1972 மார்ச்சில் ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரத்து ஆசிரியர்கள் அவரை அழைத்து, கதை உண்டாக்குவது எப்படி என்று பல நாட்கள் கலந்துபேசினார்கள். அந்தப் பேச்சுகள்தான் 1973இல் "கற்பனையின் இலக்கணம்" என்ற பொருள்படும் நூலாக வந்தன.

அவர் சொன்ன அடிப்படை எளிது. தனியாக ஒரு சொல்லைக் கொடுத்தால் பிள்ளையின் மனம் பழகிய பாதையிலேயே போகும். பசு என்றால் பால். இரண்டு சொற்கள் வேண்டும், அவையும் ஒன்றுக்கொன்று தூரமானவையாக இருக்க வேண்டும். நாய், அலுமாரி என்பது அவர் தந்த உதாரணம். அலுமாரிக்குள் நாயா, அலுமாரியைச் சுமந்த நாயா, நாயின் அலுமாரியா? வேற்றுமை உருபு மாறும்போது கதையும் மாறுகிறது. தமிழ் படிப்பிக்கிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பாடமாக்க வைக்கிற உருபுகள் இங்கே பிள்ளையின் கையில் விளையாட்டுச் சாமான் ஆகின்றன. "இப்படி நடந்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வியும் அவருடைய இன்னொரு திறவுகோல். பிள்ளை விடுகிற எழுத்துப்பிழையிலிருந்துகூட ஒரு கதை பிறக்கலாம் என்றார்.

எல்லாரும் கலைஞர் ஆவதற்காக அல்ல, யாரும் அடிமையாக இல்லாமல் இருப்பதற்காகவே பிள்ளைகளுக்குச் சொல்லின் எல்லாப் பயன்களும் கிடைக்க வேண்டும் என்பது ரொடாரியின் நிலைப்பாடு.

நம் நாட்டுக்கு வருவோம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது ஆரம்ப வகுப்பில் தாய்மொழியே கற்பித்தல் மொழி என்பதும் கூடவே வந்தது. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கச் சொன்னது. ஆகவே கதை எழுத வைப்பது எங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள காரியம் அல்ல. தடையாக இருப்பது பரீட்சைப் பயம்தான். அந்தப் பயம் உங்களிடம் மட்டும் இல்லை, எங்களிடமும் இருக்கிறது.

இனி எங்கள் வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம்.

முதல் நாள் தோல்வி. பாதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினார்கள். மீதிப் பேர் கார்ட்டூனில் பார்த்ததை எழுதினார்கள். முடிக்கத் தெரியாதபோது எல்லாரும் "கண் விழித்துப் பார்த்தேன், அது கனவு" என்று முடித்தார்கள். சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். டோல்ஸ்டோய்க்கு இரவு வரை இருக்கிற இரண்டு பையன்கள் கிடைத்தார்கள். எங்களுக்கு முப்பதுக்கு மேல் பிள்ளைகளும் நாற்பது நிமிடப் பாடவேளையும்.

பிறகு மாற்றினோம். முதலில் வாயால் சொல்ல வைத்தோம், வீட்டில் பேசுகிற தமிழிலேயே. எழுதக் கஷ்டப்படுகிற பிள்ளை சொல்லும், நாங்கள் எழுதிக் கொடுப்போம், கடைசி வசனத்தை மட்டும் பிள்ளை எழுதும். அடுத்த கிழமை இரண்டு வசனம். சிவப்புப் பேனையை முதல் நாள் தொடுவதில்லை. மறுநாள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பிழையை மட்டும் பெயர் சொல்லாமல் பலகையில் எடுத்துப் படிப்பிப்போம். கனவு என்று முடிக்கக் கூடாது என்று ஒரே ஒரு சட்டம் வைத்தோம். நல்ல தாள்களை நூலால் தைத்துப் புத்தகமாக்கி வாசிப்பு மூலையில் வைத்தோம். அதில் தன் கதை வரப்போகிறது என்றால் பிள்ளைகள் தாங்களாகவே வந்து "டீச்சர், இதுக்கு எந்த ள?" என்று கேட்கிறார்கள். ஃபிரெனேயின் அச்சு இயந்திரம் எங்களிடம் இல்லை. ஊசியும் நூலும் அந்த வேலையைச் செய்கின்றன.

இதனால் ஸ்கொலர்ஷிப்பில் புள்ளி கூடும் என்று நாங்கள் வாக்குத் தர மாட்டோம். அப்படிச் சொன்னால் அதுதான் பொய். ஆனால் நான்கு வரிக்கு மேல் எழுதாத பிள்ளைகள் இப்போது ஒரு பக்கம் எழுதுகிறார்கள். தெரியாத தலைப்பு வந்தால் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்காமல் தொடங்கிவிடுகிறார்கள். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்தத் தலைப்பு வந்தால்தான் எழுத வரும். யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தலைப்பும் ஒன்றுதான்.

அந்த வாப்பாவுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பவில்லை. கதை எழுதுவதும் தமிழ் படிப்பின் ஒரு பகுதிதான், மகள் நன்றாக எழுதுகிறாள் என்று மட்டும் பதில் போட்டோம். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் இரவு இன்னொரு குரல் பதிவு வந்தது. "டீச்சர், அந்தக் கோழிய ஏயார்போட்ல விட்டாங்களா இல்லையா? மகள் சொல்ல மாட்டேங்கிறா. இன்னும் எழுதல்லயாம்."

அவளிடமே கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டோம். இப்போது ஒவ்வொரு இரவும் போனில் வாப்பாவும் மகளும் அந்தக் கோழியைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். உம்மா சொன்னார்.

பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

கட்டுரைப் புத்தகம் வாங்கிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, இரவில் பத்து நிமிடம் பிள்ளை சொல்கிற கதையைக் கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

உம்மும்மாமார், மூத்தாப்பாமார் இருக்கிற வீடுகளில் அவர்களைக் கதை சொல்லச் சொல்லுங்கள். நம் ஊர்க் கதைகள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. யாராவது வகுப்புக்கு வந்து சொல்ல விரும்பினால் சந்தோஷமாக அழைப்போம்.

வீட்டில் ஒரு பக்கம் வெறுமையான தாள்கள் இருந்தால் எறியாமல் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். தைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.